டீசல் தொட்டி 73939133

ஜுபைல் கிடங்கின் பின்வரிசையில்
துருவேறிய டீசல் தொட்டி.
வயிற்றில் எட்டு இலக்கம்.

இரவுக் காவல், கையில் கால்குலேட்டர்.
முதலில் என் இக்காமா எண்ணைத்தான் வகுத்தேன்.
மூன்றிலேயே விழுந்தது.
தொட்டி எண் விழவில்லை.
எட்டாயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு வரை
பார்த்தால் போதும்.
ஒரு ரமலான் முழுக்கப் பார்த்தேன்.
பகா எண்.

ஷமால் காற்று வலப்பக்கத்திலிருந்து மணலால் அறைந்து
கடைசி மூன்றைத் தின்றது.
7393913. அதுவும் பகாமல் நின்றது.
அடுத்த கோடையில் இன்னொரு மூன்று,
பிறகு அந்த ஒன்று.
உரிந்து உரிந்து
73939.
அப்போதும் எதற்கும் மசியவில்லை.

"கூட ஒரு இலக்கம் எழுதினா?" என்றான் காதர் மஸ்தான்.
பழைய எட்டையும் சாக்பீஸால் எழுதி
ஒட்டிப் பார்த்தோம்.
இரட்டையும் ஐந்தும் கேட்கவே வேண்டாம்.
ஒன்று வைத்தால் மூன்று வகுக்கிறது,
ஏழு வைத்தால் ஒன்பது.
மூன்றும் ஒன்பதும் நாளெடுத்தன,
ஆனாலும் உடைந்தன.

"கழிச்சா நிக்குது, கூட்டினா ஒடையுது.
நம்ம கம்பெனில வேல பாத்திருக்கும்" என்றான்.

நேற்று பெயின்டர் டேக் பகதூர்
புது எண் அடித்துவிட்டுப் போனான்.
கடைசி இலக்கம் நான்கு.
கால்குலேட்டரை எடுக்கவேயில்லை.