பதினோராம் கூண்டு

நாளுக்கு நானூற்றைம்பது ரூபாய்,
பேருந்துச் செலவு தனி.
வேலை, புல்லை எடைபோடுவது.
அப்பாவிடம் சொன்னதும்
ரேஷன் கடையிலா என்றார்.

அஞ்செட்டியில் உரக்கடை மாடியில் அறை.
யூரியா நெடியில் தூங்கி
நாலரைக்கு எழுந்து
நானும் இருசப்பனும் காடேறுவோம்.
அவன் தோளில் பிவிசி குழாயில் செய்த சதுரம்,
மீட்டருக்கு மீட்டர்.
யார் வீட்டு ஜன்னலையோ
கழற்றிக்கொண்டு போகிறவன் மாதிரி இருப்பான்.

வீசு என்பேன்.
கண்ணை மூடிக்கொண்டு வீசுவான்.
விழுந்த இடம் பத்து நிமிடத்துக்கு எங்களுடையது.
உள்ளே முளைத்ததையெல்லாம்
மண்ணோடு ஒட்ட அறுத்துக்
காகிதப் பையில் போட்டுத்
தேதி, மணி, சாணக் குவியல் எத்தனை.
சில சதுரத்தில் வெறும் உண்ணிச்செடி.
சிலதில் பாறை.
பாறையில் விழுந்தால் மறுபடி வீசக் கூடாது,
பூஜ்யம் என்று எழுத வேண்டும்.
முதல் வாரம் கை வரவில்லை.

மாட்டு வாய் படாவிட்டால்
புல் எவ்வளவு எழும்பும் என்று பார்க்க
போன வருடமே நட்டுவைத்த கம்பிக் கூண்டுகள் இருபது.
கெம்பம்மா நாற்பது மாட்டை
அவற்றைச் சுற்றித்தான் ஓட்டிப்போவாள்.
ஒருநாள் நின்று கேட்டாள்.
அறுத்து?
காயவைப்போம்.
காயவைத்து?
எடைபோடுவோம்.
அப்புறம் மாட்டுக்குத்தானே?
இல்லை, எண்ணாக எழுதிவைப்போம்.
சிரித்தாள். புகையிலைச் சாறு தெறிக்கச் சிரித்தாள்.
நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

வைகாசி பிறந்திருந்தது.
ஒருத்தி ரெண்டு நாளா பட்டிக்கு வரலை,
நிறைசினை என்றாள் கெம்பம்மா.

பதினோராம் கூண்டு
என் வரைபடத்தில் ஆக உயரமாக நிற்கப்போவது.
ஆண்டு முழுக்க யாரும் தொடாத புல்,
என் இடுப்புக்கு.
மேற்கு ஓரம் காட்டுப்பன்றி தோண்டிக்
கம்பியைத் தூக்கிவிட்டிருந்தது.
உள்ளே, புல்லுக்கு நடுவே,
ஒரு காது மட்டும் அசைந்தது.

ஈரம் முழுதாய்க் காயாத கன்று.
சற்றுத் தள்ளித் தாய்.
கன்றைத் தவிர எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது,
எங்களை, கருவேலத்தை, வெறும் வானத்தை.

இருசப்பன் அரிவாளை முதுகுப்பக்கம் கொண்டுபோனான்.
யாரும் சொல்லாமலே.

ராத்திரி, சிக்னல் கிடைக்கும் முக்குக்கு நடந்துபோய்ப்
பேராசிரியருக்கு அனுப்பினேன்.
கூண்டு பதினொன்றில் கன்று.
மேய்ந்ததா?
இல்லை சார், படுத்திருக்கு.
நீல டிக் விழுந்து வெகுநேரம் கழித்து,
பதினொன்றை நீக்கிவிடு.

வேலியில ஓட்டையை அடைச்சிட்டீங்களா என்றாள் கெம்பம்மா,
எந்தக் கூண்டு என்று நான் சொல்லும் முன்பே.
நாளைக்கு என்றேன்.
நாலு நாள் அதையே சொன்னேன்.

ஐந்தாம் நாள் கன்று இல்லை.
படுத்த இடம் இருந்தது.
பழக்கதோஷம், டேப்பை எடுத்து அளந்தேன்.
நீளம் எழுபத்தொன்று, அகலம் நாற்பது.
எந்தப் பத்தியிலும் அதற்கு இடமில்லை.
குறிப்பு என்ற கட்டம்
மூன்று சொல் கொள்ளும் அளவு குறுகல்.
கன்று. நாலு நாள்.
எழுதிவிட்டு
அன்றைக்குத்தான் கம்பியை இழுத்துக் கட்டினேன்.
இருசப்பன் இன்னும் இறுக்கு என்றான்.

ஆனியில் கல்லூரி.
அறுபது டிகிரி சூட்டில் பைகள் காய்கிற இரண்டு நாளும்
ஆய்வகத்தில் மலை வாசம்.
பதினொன்று என்று எழுதிய பையையும்
தராசில் வைத்தேன்.
ஆறு புள்ளி இரண்டு கிராம்,
பை மட்டும்.
அதை எங்கும் எழுதவில்லை.

விடுதியில் காலுறையை வாளியில் முக்கியபோது
நெசவுக்குள் சிக்கியிருந்த ஊசிப்புல் விதை ஒன்று
தண்ணீர் பட்டதும் முறுக்கு அவிழ்ந்து
மெல்லத் திரும்பத் தொடங்கியது,
திருகித் திருகி
மண்ணுக்குள் இறங்குகிற அதே வேலை.
அடியில் இருந்தது பிளாஸ்டிக்.
மூன்று சுற்று வரை எண்ணினேன்.

வெளியே யாரோ கதவைத் தட்டி
இன்னும் எவ்வளவு நேரம் என்றார்கள்.