ஐந்தாம் தாள்

மொத்தம் ஏழு தாள்.
உருளையின் மேல் சிவப்பு மையில் சீன எழுத்து.
'அந்த ஊர்ல கிழக்குப் பக்கம், மூங்கில் மலை,
பணக்காரங்க கோடைக்குப் போற இடம்' என்றார்
வண்ணார்பேட்டைக் கடைக்காரர்.
அவருக்கும் அதைப் படிக்கத் தெரியாது.

விக்கிரமசிங்கபுரம். ஆவுடைநாயகம் லாட்ஜ்.
மாடியில் எட்டாம் அறை, மேற்குச் சுவர்.
மேற்குச் சுவரில் ஒரு ஜன்னல் இருந்தது.
ஜன்னலில் பொதிகை இருந்தது.

'ஜன்னல் இருக்கே, அண்ணாச்சி?'
'பலகை அடிச்சிட்டு மேல ஒட்டும் வே, பீரு.
கொரங்கு வருது, சோப்பக்கூட விடமாட்டேங்கு.
குளிக்க வாரவன் மலையையா பாக்கப் போறான்?'

கூலி சதுர அடிக் கணக்கு.
ஜன்னலுக்குக் கழிவு கிடையாது.
அடித்தேன்.
கடைசிப் பலகைக்கு முன்
மலையில் ஒரு மேகம் பாதி ஏறியிருந்தது.
மீதி ஏறியதா, தெரியாது.

முதல் தாளில் மூங்கில்.
இரண்டாவதிலும் மூங்கில்தான்.
மூன்றும் நான்கும் சேருகிற இடத்தில்
கல்படியில் குடையோடு ஒருத்தி:
இடக்கண் ஒரு தாளில், வலக்கண் அடுத்ததில்.
நூலளவு பிசகினால் அவள் இரண்டு பேர்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு சேர்த்தேன்,
மேலப்பாளையத்தில் இப்படி ஒட்ட ஆள் கிடையாது.
ஐந்தாம் தாளில் ஓட்டு வீடு, பனி,
பனிக்குக் கீழே வரிவரியாய்ப் பச்சைச் சரிவு.
அது முழுக்கப் பலகைமேல்.

வாளியோடு வந்தாள் எப்சிபா.
எஸ்டேட்டை விட்டு இறங்கி
எட்டு மாதமாய் இங்கே தரை துடைக்கிறாள்.
துடைப்பை ஊன்றிக்கொண்டு சரிவைப் பார்த்தாள்.
அழகாயிருக்கு என்பாள் என்று நினைத்தேன்.
'கவாத்து சரியில்ல' என்றாள்.
'இந்த ஓரம் ரெண்டு வருசமா வெட்டல.
எவன் மேஸ்திரியோ.'
கட்டில் அடியில் குனிந்துவிட்டாள்.

எட்டாம் அறை சீனா ரூம் ஆயிற்று. நானூறு கூட.
சாத்தூர்க்காரர் ஒருவர் அதன் முன் நின்று
மச்சானுக்கு வீடியோ போட்டு
ஏற்காடு என்று சொன்னதாகக் கேள்வி.

ஆனி கடைசியில் போன்.
'பீரு, மலை வீங்குது வே.'

போய்ப் பார்த்தேன்.
வெளியே சாரல்.
ஐந்தாம் தாளில் ஓட்டு வீடு முன்னால் வந்தது,
பின்னால் போனது, மறுபடி வந்தது.
பனி அடிவயிறு மாதிரி ஏறி இறங்கிற்று.
பலகை இடுக்கு வழியே காற்று.
பசை நல்ல பசைதான், அதைச் சொல்லிவிடுகிறேன்.

'ஊசியால ஒரு குத்து குத்தும், போயிரும்'
என்று கீழேயிருந்தே கத்தினார் ஆவுடைநாயகம்.

பனியில் குத்தினேன். யாருக்கும் தெரியாத இடம்.
விரலில் பட்டது
நனைந்த ஒரு குளிர், நூல் கனத்தில்.
எப்சிபா வந்து, என்னை ஒதுக்கி,
கன்னத்தை அங்கே வைத்தாள்.
ஒரு நிமிடம் இருக்கும். அல்லது இரண்டு.
குடைக்காரியின் இரண்டு கண்ணும்
ஒட்டுத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தன.

'இது தெக்குக் காத்து இல்ல' என்றாள்.
'மேல எல இப்ப கனத்துக் கெடக்கும்.
பறிக்க ஆளு இல்ல.'
ஒன்பதாம் அறையில் யாரோ மணியடித்தார்கள்,
வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

ஒட்டுத்துண்டு பையில் இருந்தது.
ஒட்டவில்லை.
பில்லில் வண்டிச் சத்தம் மட்டும் எழுதினேன்.
ஆவுடைநாயகம் அதை இரண்டு பக்கமும்
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.