வருகையின் நோக்கம்

தமு ஊரில் என் கடைக்கு இரண்டு வேலை:
நகல் எடுப்பது, தாள் நிரப்பிக் கொடுப்பது.
ஜெனரேட்டர் இருமி நின்றுவிட்டால்
இரண்டாவது மட்டும்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் கேட்கும் தாளில்
ஐந்தாவது கேள்வி: வருகையின் நோக்கம்.
வியாபாரம். மருத்துவம். திருவிழா. விளையாட்டு.
உறவினரைப் பார்த்தல்.
ஏதாவது ஒன்றில் டிக் போட வேண்டும்.

தின்சார் நுவே, காலேவுக்குத் தெற்கே ஏதோ ஊர்.
இடுப்பில் பிள்ளை. பிள்ளையின் கன்னத்தில்
மூன்று நாள் பழைய தனக்கா
வறண்ட வயலாக வெடித்திருந்தது.
"விமானம் வந்தது என்று எழுதுங்கள்" என்றாள்.
கட்டம் இல்லையம்மா என்றேன்.
"நெல்லோடு எரிந்தது என்று?"
அதற்கும் இல்லை.
தாளைத் திருப்பிப் பார்த்தாள்,
பின்பக்கம் இருக்குமோ என்று.

முன்பெல்லாம் பதினாறு கிலோமீட்டர் போகலாம்,
இப்போது பத்து.
ஏழு நாள். கைரேகை. ஒரு புகைப்படம்.
அகதி என்ற சொல்லுக்கு அங்கே
தனிச் சட்டம் எழுதவில்லை;
ஆகவே பாலத்தை அகதிகள் கடப்பதில்லை,
விருந்தாளிகள் கடக்கிறார்கள்,
எட்டாம் நாள் குற்றவாளி ஆகிறார்கள்.

எனக்கு இது புதிதில்லை.
அறுபத்து நாலில் என் பெரியப்பாவை
உன் நாட்டுக்குப் போ என்று கப்பலேற்றியது இந்த நாடு.
ஒரு வருஷம் கழித்து இம்பால் வழியே நடந்தே திரும்பினார்.
வாசலில் மறித்தார்கள்.
மறித்த இடத்திலேயே மூன்று கல் வைத்தார்.
அந்த மோரே அடுப்பில்தான் அவர் மகள் ஒச்சம்மா
இன்னும் இட்லி ஊற்றுகிறாள்.

உறவினரைப் பார்த்தல்: டிக்.
உறவினர் பெயர்: ஒச்சம்மா.
உறவு முறை:
பேனா கொஞ்சம் நின்றது.
தங்கை.

சாயலே இல்லையே என்றாராம் அதிகாரி.
மாவுக்கையைப் புடவையில் துடைத்தபடி அவள்,
"எங்கப்பாவப் பத்தி உங்களுக்குத் தெரியாது சார்,
ஊருக்கு ஒரு குடும்பம்."
ஒருத்தியை ஏறெடுத்துப் பார்க்காத மனுஷன்.
செத்து இருபது வருஷம் கழித்து
அந்தப் பெயரையும் வாங்கிக்கொண்டார்.

எட்டாம் நாள் காலை
என் இந்தியச் சிம்மில் ஒச்சம்மா:
"அண்ணே, தங்கச்சிக்குத் தாள் முடிஞ்சுபோச்சு.
புதுசா எழுது."
நோக்கம் என்ன போட?
பாத்திரம் கழுவும் சத்தம் கொஞ்ச நேரம்.
"பிள்ளை இன்னிக்குத்தான் சாப்பிட்டுச்சு,
ஒண்ணரை இட்லி. அதைப் போடு."

கட்டம் இல்லை.
ஓரத்தில், பொடி எழுத்தில் போட்டேன்.