வாய் திறந்த ஆறு

கோணமே கூடாது என்றார்கள்.
கேரம் காய் மாதிரி, யாரையும் குத்தாமல்.
ஜன்னலுக்கு வெளியே துறைமுகப் பெட்டிகள்,
அத்தனையும் மூலை.
ஒன்பது மாதம் இழைத்தேன்.
‘ட’வுக்கு இருந்த ஒற்றை முட்டியையும் மழுக்கினேன்.

காசிமேட்டில் விடியுமுன் ஏலம்.
கீறல் விழுந்த செல்லை
ஈரக் கட்டைவிரலால் துடைத்தாள் டெல்பினா;
செதில் ஒன்று ஒட்டிக்கொண்டது.
வஞ்சிரம் கிலோ அறுநூறு என்றது திரை.
எண்ணூறுக்கு மேல் கேட்டுவிட்டாள்.

“இன்னா எழுத்துபா இது?
ஆறு வாய மூடினு எட்டாட்டம் கீது.”

வரைந்தவன் நான்தான் என்று சொல்லவில்லை.
டீக்கடை பெஞ்சில் மடிக்கணினியைத் திறந்து
அந்த அழகான வட்டத்தை அறுத்தேன்.
நாலு பிக்சல்.
என் கண்ணுக்கு இன்னும் அசிங்கம்தான்.

மறுவாரம் அவள் திரையைப் பார்த்தாள்,
எழுத்தைப் பார்க்கவில்லை.
“அறுநூத்தி அம்பது!”
பக்கத்துக் கூடைக்காரி திரும்பிப் பார்க்குமளவு
கத்தினாள்.