நாலரை மணிச் சாய்வு

அஜிலா அனுப்பியது நாற்பத்தேழு படம்.
எல்லாம் யாருடையதோ கல்யாணம்.
மூன்று வாரம் கோத்தேன், அவிழ்த்தேன்.
மார்த்தாண்டத்தில் வாங்கிய முத்துகள்
மேசையில் உருண்டு
சும்மா கிடந்தன.

கழுத்தளவு எடுக்க நேரம் கேட்டேன்.
"வெளுப்புக்கு நாலரைக்கு வாங்கக்கா,
அப்பதான் எனக்கு ஒழிவு."
ஒழிவு என்றால்
அருமனைத் தோட்டத்தில்
நெற்றியில் விளக்கு கட்டி
முந்நூறு ரப்பர் வெட்டும் நேரம்.

அளவு நாடாவோடு பின்னால் நடந்தேன்.
கொசு. ஈரச் சருகு.
பட்டையில் இடமிருந்து வலமாகச்
சரிந்தது ஒரு கீறல்.
அதன் ஓரம் பிடித்து இறங்கிய வெள்ளை
தகர நுனியில் கொஞ்சம் தயங்கி,
பிறகு சிரட்டைக்குள்
ஒரு சொட்டு.

தயங்கியதே, அந்த இடம்.

அளவெடுக்க மறந்து பஸ் ஏறினேன்.

ஒற்றை வெள்ளிக் கம்பி,
வலது தோளெலும்புக்குச் சரிகிறது.
முனையில் ஒரே முத்து.
மற்றதெல்லாம் டப்பாவுக்குத் திரும்பின.

"நேரா நிக்கலியேக்கா" என்றாள்.
கண்ணாடியை மறுபடி பார்த்தாள்.
பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

கோயிலில்
வெள்ளைச் சேலையும் நெட்டுமாக அவள் நிற்க,
மூன்று மாமிமார் வந்து
நேராக்கிவிட்டுப் போனார்கள்.

மூன்று தடவையும்
கத்தி பிடித்துக் காய்த்த விரலால்
சரித்துவிட்டுக்கொண்டாள்.