கச்சான் நின்ற இரவு

ஏழு தடவையும் ஒரே முடிவு.
சிலிக்கன் துண்டில் விட்ட துளி
ஒரு நிமிசம் மாதுளை நிறத்தில் நிற்கும்.
பிறகு காய்ந்து
அடுப்புக்கரி இழுத்த மாதிரி ஒரு கறை.

ஆனி மாதம்.
மல்வத்தைப் பக்கமிருந்து கச்சான் இறங்கி
சம்மாந்துறை ஆய்வுகூடத்து யன்னல்களை
இரவு பகலாய் ஆட்டுகிறது.
ஹெக்சேனுக்கு ஏற்கெனவே பொறுமை இல்லை.
அது பறந்துவிட,
கொழுப்புச் சங்கிலி உடுத்திய தங்கத் துகள்கள்,
ஒவ்வொன்றும் ஐந்து நானோமீட்டர்,
நின்ற நின்ற இடத்தில் உறைந்துபோகின்றன
பஸ் பிரேக் அடித்ததும்
ஆளுக்கு மேல் ஆள் சாய்ந்ததுபோல.

"மறுகா ஒருக்காப் பாப்பம் கா" என்றாள் பஸ்ஹானா.

எட்டாவது துளி.
பெட்ரி மூடியைக் கவிழ்த்து
விளிம்பில் ஒரு தீக்குச்சியைச் செருகினோம்.
அப்போதுதான் கரண்ட் போனது.
விசிறி நின்றது.
கொஞ்சம் பிந்தி, யாரும் சொல்லாமல், கச்சானும்.
புழுக்கத்தில் இருக்க ஏலாமல்
கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

காலையில் துண்டில் பித்தளை மினுக்கம்!

தொதல் டப்பாவில் பஞ்சு வைத்து
கல்முனை இரவு பஸ்ஸில் ஹோமாகமைக்கு அனுப்பினோம்.
பத்தொன்பது நாள் கழித்து
தரிப்பிடத்தில் நிற்கையில் படம் போனுக்கு வந்தது.
ஒன்றைச் சுற்றி ஆறு.
அந்த ஆறில் எதைத் தொட்டாலும்
அதைச் சுற்றியும் ஆறு.
எண்ணிக்கொண்டிருந்ததில் இரண்டு பஸ்ஸை விட்டேன்.

சோதனைச் சாவடியில்
அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி
நின்ற வரிசை எனக்குத் தெரியும்.
ஒழுங்கு என்றால் ஒடுங்குவது என்றே இருந்தேன்.
இது அதில்லை.
நெரிசலில் தாறுமாறாய்க் கிடந்தால்
ஒன்றையொன்று இடித்து அசையவே முடியாது;
அடுக்கில் அமர்ந்தால்
ஒவ்வொன்றுக்கும் நடுங்கிக்கொள்ள
ஒரு மயிரளவிலும் மயிரளவு இடம் மிஞ்சும்.
அந்த இடத்துக்காகத்தான்,
வேறெதற்கும் இல்லை,
இத்தனை கோடியும் வரிசைக்கு வந்திருக்கின்றன.

இடது மூலையில் மட்டும்
ஒரு துகளைக் காணோம்.
சுற்றியிருந்த ஆறும்
அந்த இடத்தை மூடவில்லை.

ஒன்பதாவது துளி மறுகா கறை.
பத்தாவதும்.
பஸ்ஹானா கேட்கிறாள்,
செய்முறைக் குறிப்பில் என்ன எழுதுவதென்று.
மூடி, தீக்குச்சி, வெப்பநிலை எல்லாம் எழுதியாயிற்று.
அடியில் பென்சிலால் சேர்த்தேன்:
கரண்ட் போனது ஒன்பது நாற்பதுக்கு.
எப்போது வந்ததென்று தெரியாது,
நித்திரை.