கே

மார்க்கம் றோட்டுக்கு அருகே, நிலக்கீழ் அறையில்
நான் எண்ணப் பழகியது
ரொயிலற் தண்ணி இழுபடும் சத்தத்தை.
நேற்றிரவு பதினேழு தரம்.

"கே" என்றுதான் சொல்லுவான் சேந்தன்.
கேள் என்று தொடங்கி
கடைசி எழுத்தை விழுங்கின மாதிரி.
வெள்ளைத் தூள்.
ஆஸ்பத்திரியில் அளந்து கொடுப்பார்களாம்.
இவன் அளந்தது கண்ணால்.

முதல் மாதங்களில் வந்து கதைப்பான்:
மச்சான், இது ஆரோ ஒருத்தன்ர கை.
சுவர் தள்ளித் தள்ளிப் போகுது.
கூரையில இருந்து என்னைப் பார்த்தனான்,
பாவமாய் இருந்தது,
பக்கத்து வீட்டுப் பெடியன் மாதிரி.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்
ஒரே வாங்கில் இருந்து படித்தோம்.
உயிர் ஏறினால் மெய் பேசும்.
ஏ இறங்கிப் போனால்
தலையில் ஒரு புள்ளியோடு
க் மட்டும் நிற்கும்
தொண்டைக்குள் இறுகி.

தை மாதம், ஓர் இரவு
குசினிக்குள் மணம்.
அடுப்புச் சுருள் சிவந்திருக்க
அதன்மேல் உள்ளங்கையை வைத்தபடி நின்றான்,
சிநேகிதனின் தோளில் வைப்பதுபோல.
நான் கத்தினேன்.
எனக்குத்தான் ஏதோ நடந்துவிட்டதென்று
இரக்கத்தோடு பார்த்தான்.

வலி விடியத்தான் வந்தது.
விலாசம் தவறாமல் வந்தது.

பங்குனியில் சிறுநீரோடு ரத்தம்.
வயது இருபத்தைந்து.
பை தேசிக்காய் அளவுக்குச் சுருங்கிப்போச்சாம்.
நிற்பாட்டினால் கொஞ்சம் திரும்பலாம்,
திரும்பாமலும் விடலாம்
என்றார் டொக்டர், பேனையை மூடிக்கொண்டே.

இப்போது கழிவறையில்
கோடு போட்ட பிளாஸ்ரிக் சாடி.
வலக்கையில் இன்னும் கட்டு;
கதவுக்குப் பின்னால் நின்று அவன் சொல்ல
நான் கொப்பியில் எழுதுவேன்.
இரண்டு பத்து: நாற்பது மில்லி.
இரண்டு முப்பத்தைந்து: முப்பது.
மூன்று ஐந்து: முப்பது, சிவப்பு.

ஐந்து மணிக்கு எனக்குப் பாண் பேக்கரியில் வேலை.
லோரன்ஸ் பஸ்ஸில் நித்திரையாகி
இரண்டு தரம் இறங்குமிடம் தவறவிட்டேன்.
போன கிழமை
பழைய ஜக்கற்றுகளின் பொக்கற்றெல்லாம்
கிண்டிக்கொண்டு நின்றான்.
நான் காணாத மாதிரிப் படுத்திருந்தேன்.
அதைக் கொப்பியில் எழுதவில்லை.

இன்று நாலு இருபது: அறுபது.
அறுபதோ?
ஓம், அறுபது.
கதவின் இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம்
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு வெளியே வந்து
தேத்தண்ணி போடவா என்றான்.
உனக்குத் தேத்தண்ணி கூடாதெல்லோ.
எனக்கில்லை, உனக்கு.

கேத்தலை எடுக்கப் போனவன்
விரல் பட்டு
ஆ
என்றான்.